சிறுவாட்டுக்கு இங்கிலீஷில் என்ன?

ஜூன் 6, திங்கள்

ஆல்வின் சார் தினமும் இங்கிலீஷில் டைரி எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார். எழுதியாயிற்று. எழுந்தேன், பல் விளக்கினேன், இட்லி சாப்பிட்டேன். அதற்கு மேல் ஒரு வரி நகரவில்லை. நான் பல் விளக்கியதைப் படித்து அந்த மனுஷன் என்ன செய்யப்போகிறார்? மனசில் கிடப்பதைக் கொட்டுவதென்றால் எனக்குத் தமிழ்தான் சரிப்படும். ஆகையால் இது என் சொந்த டைரி. சார் கண்ணில் காட்டமாட்டேன்.

வகுப்பு சங்கரன்கோவில் பைபாஸில், ஒரு உரக்கடை மாடியில். படியேறும்போதே யூரியா நாற்றம் மூக்கைப் பிடுங்கும். இங்கிலீஷ் இலவசமாகச் சொல்லித் தருவார்களாம். முடித்தவர்களுக்கு வெளிநாட்டில் கஸ்டமர் கேர் வேலை, விமான டிக்கெட்டும் அவர்களே போடுவார்களாம். இலவசம் என்றதுமே எனக்கு ஒரு மாதிரி இருந்தது. என் தங்கச்சி கோமுதான் விடவில்லை. "உனக்கு எல்லாத்துலயும் ஒரு நொட்டை. நைட்டிக்கு ஓரம் அடிச்சே சாகப்போறியாக்கா?" என்று கேட்டாள்.

அம்மா போனபிறகு அவளை வளர்த்தது நான்தான். பேசி முடித்த மாப்பிள்ளை வீட்டார் நகை போதாது என்று பின்வாங்கியதிலிருந்து அவளுக்கு இந்த ஊர் ஆகவில்லை. தெருவில் நடந்தால் எல்லாரும் தன்னையே பார்க்கிறார்கள் என்கிறாள். தனியாக அனுப்ப மனசில்லாமல் நானும் சேர்ந்துகொண்டேன். அவளை யார் கண்ணும் படாமல் கரையேற்றிவிட்டால் எனக்கு அது போதும்.

அடுத்த வீட்டு இசக்கிக்கும் வர ஆசை. என்னோடு உட்கார்ந்து நைட்டிக்குப் பொத்தான் காஜா எடுக்கிற பிள்ளை. "நீங்க போயி எப்படி இருக்குன்னு சொல்லுங்கக்கா, நான் அடுத்த பேட்ச்ல வாரேன்" என்றாள்.

ஜூன் 9, வியாழன்

இன்று சொல்லுக்கு வால் ஒட்டும் பாடம். கேர் என்றால் அக்கறை. பின்னால் ஃபுல் ஒட்டினால் அக்கறைக்காரி, லெஸ் ஒட்டினால் அக்கறை கெட்டவள். தமிழில் 'ஆன' என்கிற ஒரே வாலை வைத்துக்கொண்டு நாம் காலத்தை ஓட்டுகிறோம். அழகான, அன்பான, கேவலமான, முடிந்தது வேலை. இந்த வெள்ளைக்காரனுக்குச் சொல்லுக்கொரு வால். லவ்லி, கரேஜியஸ், டிபெண்டபிள், ஹோப்ஃபுல். எதற்கு எந்த வால் என்று கேட்டால் காரணமெல்லாம் கிடையாதாம், மனப்பாடம் பண்ண வேண்டியதுதானாம்.

எனக்கு எல்லாம் சரியாக வந்தது. எட்டாம் வகுப்போடு நின்றவள் நான்! பி.காம். முடித்த கோமு எழுந்து நின்று பியூட்டிலெஸ் என்றாள். மாடியே சிரித்தது. பாவம், முகம் சுண்டிப்போனது.

கிளம்பும்போது அவள் சாரிடம், "ஐ வில் கோ அண்ட் கம் சார்" என்றாள். சார் விழுந்து விழுந்து சிரித்தார். "அப்படி ஒண்ணு இங்கிலீஷ்ல கிடையாதும்மா. போறவங்க போறேன்னு சொன்னாப் போதும்."

"அப்படிச் சொன்னா எங்க அக்கா வாயிலயே போடுவா சார்."

போடத்தான் செய்வேன். அம்மா ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ ஏறும்போது வலி பொறுக்காமல் "நான் போறேன்ட்டீ" என்று சொல்லிவிட்டுப் போனாள். போனவள்தான். அதிலிருந்து எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு இடமில்லை. பால் வாங்கத் தெருமுனைக்குப் போனாலும் 'போயிட்டு வாரேன்'தான். இருப்பவள் 'போயிட்டு வா' என்று பதில் சொல்லியாக வேண்டும்.

ஜூன் 15, புதன்

சார் நல்ல மனுஷன்தான். தினமும் டீயும் கிரீம் பன்னும் வாங்கித் தருகிறார். பெயர்தான் உறுத்துகிறது. ஆல்வின் என்கிறார், செவ்வாய்க்கிழமை நெற்றியில் திருநீறு இருக்கிறது. எனக்கென்ன வந்தது?

ஆனால் ஒன்றைக் கேட்டுவிட்டேன். வந்த நாளிலிருந்து லோன்லி, தேங்க்ஃபுல், ட்ரஸ்ட்வொர்தி என்று மனசுக்குள் நடக்கிற சமாசாரமாகவே நடத்துகிறார். "கஸ்டமர் வந்து பில்லு தப்புன்னு சண்டை போட்டா என்ன சொல்லணும்? அதைச் சொல்லித் தரவே இல்லையே சார்?"

"உங்க கஸ்டமர் சண்டை போட மாட்டாங்க வடிவு. ரொம்ப நல்லவங்க. அவங்ககிட்ட அன்பாப் பேசினாப் போதும்."

அப்படியொரு கஸ்டமரை நான் இந்த ஊரில் பார்த்ததில்லை.

ஜூன் 21, செவ்வாய்

இன்று காசைப் பற்றிய மரபுத்தொடர்கள். எனக்கு இவ்வளவு ருசியான பாடம் இதுவரை நடக்கவில்லை. பஞ்சம் வந்தால் நாம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டுவோம், வெள்ளைக்காரன் பெல்ட்டை இறுக்குவானாம். விலை அதிகமென்றால் நமக்குக் கையைக் கடிக்கும். அவனுக்கோ ஒரு கையும் ஒரு காலுமே போய்விடுமாம். ஆபத்துக்கென்று சேர்ப்பதை மழைநாளுக்குச் சேர்ப்பது என்கிறான். எங்கள் ஊரில் மழை பெய்தால் அன்றைக்குத்தான் கொண்டாட்டம். இவனுக்கு மழைமேல் என்ன கோபமோ.

பிறகு போர்டில் நெஸ்ட் எக் என்று எழுதினார். கூட்டிலே இருக்கிற முட்டை. யாருக்காவது புரிகிறதா என்றார். எல்லாரும் முழித்தார்கள். நான் எழுந்தேன்.

"சிறுவாடு சார். வீட்டுக்காரருக்குத் தெரியாம அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சு வைப்பாவல்லா, அது."

சாருக்கு அப்படியொரு சந்தோஷம். "எக்ஸலண்ட்! சரி, அந்த அரிசிப் பானை எங்க இருக்குன்னு தெரிஞ்சுக்கணும். வீட்டுக்காரிகிட்ட என்ன பேசுவீங்க?"

"நான் எதுக்கு சார் அதைத் தெரிஞ்சுக்கிடணும்?"

"சும்மா, பயிற்சிக்குத்தான்" என்று சிரித்தார். முதலில் மனசு நிறைய அவர்களைப் பற்றியே பேச வேண்டுமாம். பிள்ளைகள் வருகிறார்களா, சாப்பிட்டாயா, தூங்கினாயா. அன்பு வந்த பிறகு நெஸ்ட் எக்கைப் பற்றிக் கேட்க வேண்டுமாம், அதுவும் அக்கறையாக. மத்தியானம் முழுவதும் ஒருத்தியிடம் ஒருத்தி கேட்டுக்கொண்டிருந்தோம். கோமு என்னிடம் கேட்டபோது எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. என் சிறுவாடு அவளுக்குத் தெரியாதா? அவள் கல்யாணத்துக்கென்று நான் சேர்த்ததுதானே.

ஜூன் 24, வெள்ளி

ஆளுக்கொரு போன் கொடுத்தார்கள். வகுப்பு முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அதில் ஒவ்வொருத்திக்கும் ஒரு பயிற்சி நண்பர். தலைமை அலுவலகத்தில் இதற்கென்றே சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கிறார்களாம், வெள்ளைக்காரர் மாதிரி பேசிப் பழக்குவார்களாம். போனில் என் பெயர் சோஃபியா. படத்தில் இருப்பவள் சினிமாக்காரி மாதிரி இருக்கிறாள். "என் மூஞ்சிய வச்சா அவரு வேலையை விட்டுட்டு ஓடிருவாரோ சார்?" என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள்.

என் நண்பர் பெயர் ஹாரல்ட். வயசானவராக நடிக்கிறார். தன் தோட்டத்துத் தக்காளியைப் படம் எடுத்து அனுப்பினார். நம்மூர் நாட்டுத் தக்காளி போலவே கோணல்மாணலாக இருந்தது.

ஜூன் 30, வியாழன்

ஹாரல்டின் பெண்டாட்டி செத்துப்போனாளாம், பெயர் ரூத். அதற்குப் பிறகு மேஜையில் உட்கார்ந்து சாப்பிடப் பிடிக்காமல் அடுப்படியில் நின்றுகொண்டே சாப்பிடுகிறாராம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மா போன புதிதில் நானும் அப்படித்தான் நின்றுகொண்டே தின்றேன். ஐ ஆம் மதர்லெஸ் என்று எழுதினேன். சார் சொல்லித் தராமல் நானே ஒட்டிய வால். அதைப் படித்து அழுதுவிட்டதாக அவர் எழுதினார்.

வீட்டுக்கு வரும் வழியில் கோமுவிடம் கேட்டேன். "ஏட்டீ, நடிக்கதுக்குச் சம்பளம் வாங்குதவன் எதுக்கு அழணும்?"

"சினிமாவுல அழலையா? போக்கா, நீ ஒருத்தி."

அதுவும் சரிதான்.

ஜூலை 5, செவ்வாய்

வகுப்பில் நான்தான் முதல். சாப்பாடு, தூக்கம், ரூத்தின் கல்லறை என்று எல்லாம் பேசிவிட்டு, மழைநாளுக்கு உங்களுக்கு ஏதாவது இருக்கிறதா, உங்களை நினைத்தால் கவலையாக இருக்கிறது என்று எழுதினேன். இருக்கிறது, ரூத்தும் நானும் ஆயுசு முழுக்கச் சேர்த்தது, பேரப்பிள்ளைகளுக்கு என்று அவர் எழுதினார். நல்ல விஷயம், பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் எழுதப்போனேன். பின்னால் நின்ற சார் போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"போதும் வடிவு. உங்க பாடம் முடிஞ்சது. இனிமே சீனியர்ஸ் பார்த்துப்பாங்க."

எனக்கு ஒரு ஹேண்ட்பேக் பரிசு. எல்லாரும் கைதட்டினார்கள். ஹாரல்டிடம் சொல்லிக்கொள்ளாமல் வந்தது என்னவோ போல இருக்கிறது. நடிக்கிற ஆளுக்கு என்ன சொல்லிக்கொள்வது? ஆனாலும் என்னவோ போல இருக்கிறது.

ஜூலை 9, சனி

வியாழக்கிழமை குண்டைத் தூக்கிப் போட்டார் சார். ஒரு வீட்டில் ஒருவர்தான் போகலாமாம். எங்களில் எடுபட்டது நான். இந்த வாரம் வைத்த பரீட்சையில் கோமு தேறவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். "நீ போக்கா. எனக்கு விதிச்சது இந்தத் தெருதான்." எனக்குப் பெற்ற வயிறு இல்லை, ஆனாலும் எரிந்தது.

நேற்று சாரிடம் போய்க் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, கோமு மறுபடி எழுதிப் பார்க்கட்டும், தேறினால் அவளை அனுப்பலாம், நீங்கள் இங்கேயே சம்பளத்துக்கு என் கூட வகுப்பெடுங்கள் என்றார். தங்கமான மனுஷன். இன்று மறுபரீட்சையில் நான் கோமுவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். சார் ஜன்னல் வழியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தாளையும் நானே எழுதினேன்.

ஜூலை 14, வியாழன்

கோமு கிளம்பிவிட்டாள். சென்னைக்கு பஸ், அங்கிருந்து பாங்காக் விமானம், பிறகு காரில் எங்கேயோ கூட்டிப்போவார்களாம். அந்த ஊர்ப் பெயரைச் சார் இரண்டு தடவை சொன்னார், இரண்டு தடவையும் வேறு வேறாக என் காதில் விழுந்தது.

பஸ் ஜன்னலில் அவள் முகத்தைப் பார்த்தேன். மாப்பிள்ளை வீட்டார் போனதற்குப் பிறகு அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. "பை அக்கா" என்றாள்.

"செருப்பு பிஞ்சிரும். ஒழுங்காச் சொல்லு."

"போயிட்டு வாரேங்கா!"

"போயிட்டு வா." பஸ் நகர்ந்தது. கூடவே ஓடி இன்னொரு தடவை சொன்னேன். பஸ் வளைவில் திரும்பின பிறகும் சத்தமாகச் சொன்னேன். டீக்கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே.

ஜூலை 17, ஞாயிறு

ஞாயிறுதோறும் வீடியோ கால் உண்டாம். இன்று பேசினாள். வந்து சேர்ந்தாளாம். காரில் ரொம்ப தூரம், பிறகு படகில் ஆறு தாண்டினார்களாம். "படகா? ஆபீசுக்கா?" என்றேன். "ஆமாக்கா, பெரிய்ய காம்பவுண்டு" என்றாள். பாஸ்போர்ட்டைக் கம்பெனி வாங்கிப் பத்திரமாக வைத்திருக்கிறதாம். அதுவும் நல்லதுதான், இவள் தாவணி ஊக்கையே தொலைக்கிறவள்.

புது பேட்ச் தொடங்கியது. இசக்கி முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். வால் ஒட்டும் பாடம் நான் எடுத்தேன். போர்டில் கேர்ஃபுல் என்று எழுதிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன், டீச்சர் உத்தியோகம் அல்லவா.

ஜூலை 24, ஞாயிறு

கோமு இன்று முழுக்க இங்கிலீஷில் பேசினாள். அங்கே அதுதான் சட்டமாம். ஐ ஆம் சியர்ஃபுல், ஐ ஆம் தேங்க்ஃபுல். பியூட்டிலெஸ் என்று சொன்ன கழுதை வால் எதையும் தப்பாக ஒட்டவில்லை. பெருமையாக இருந்தது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் போனுக்கு மேலே எதையோ பார்த்துக்கொண்டாள். "சாப்பிட்டியாட்டீ?" என்று தமிழில் கேட்டேன். மேலே பார்த்தாள். "யெஸ். டிலிஷியஸ்" என்றாள்.

கடைசியில் மட்டும் மெல்ல, "போயிட்டு வாரேங்கா" என்றாள். அது போதும் எனக்கு.

ஜூலை 28, வியாழன்

சார் எனக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறார். அங்கே போன பிள்ளைகள் எழுதுகிற கடிதங்கள் போனில் வரும், நான் திருத்தித் தர வேண்டும். இன்று வந்ததில் ஒன்று கோமு எழுதியது. வாசகத்தை வைத்தே தெரிந்துவிட்டது. எங்கள் அம்மா ஆட்டோ ஏறிய கதையை அப்படியே எழுதியிருந்தாள், அதில் அம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் செலவுக்கு இப்போது காசு வேண்டும் என்று இருந்தது.

செத்த அம்மாவுக்கு எதற்கு ஆஸ்பத்திரி?

யாருக்கு எழுதியது என்று மேலே பார்த்தேன். பெயருக்குப் பக்கத்தில் அதே கோணல்மாணலான தக்காளிப் படம். ஹாரல்ட்.

மதர்லெஸ் என்று முன்பு எழுதியது அம்மா நினைவில்லாமல் கிடந்ததால் என்று ஒரு சாக்கும் கடிதத்தில் இருந்தது. பாடத்துக்காக எழுதுகிற கதைதானே என்று சார் சொன்னார். சரியாக எழுதாவிட்டால் கோமுவுக்கு மார்க் குறையும் என்றும் சொன்னார். திருத்தினேன். ஹெல்ப்லெஸ் என்று இரண்டு இடத்தில் சேர்த்தேன்.

ஆகஸ்ட் 3, புதன்

கோமுவுக்கு போனஸ் கிடைத்ததாம். சார் லட்டு வாங்கி வந்தார். என் பங்கை அப்படியே பையில் போட்டுக்கொண்டேன். ஆடிப்பெருக்குக்கு இசக்கி சித்ரான்னம் கொண்டு வந்தாள், அதையும் மூடி வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 7, ஞாயிறு

கோமு இடது கையை மேஜைக்கு மேலே எடுக்கவே இல்லை. கையைக் காட்டு என்றேன். குளிர் என்றாள், இங்கிலீஷில். ஏசி போட்ட இடத்தில் குளிரத்தான் செய்யும்.

இடது கைக்கு மட்டும் குளிருமா?

ஆகஸ்ட் 9, செவ்வாய்

திருத்துகிற போனில் ஹாரல்ட் எழுதியது வந்தது. எல்லாம் அனுப்பிவிட்டேன் சோஃபியா, இனி ஒன்றும் இல்லை, மகன் என்னோடு பேசுவதில்லை, உன் அம்மா பிழைத்தாளா, அதை மட்டுமாவது சொல். இவ்வளவுதான். ஒரு வாலும் இல்லாத வெறும் சொற்கள்.

நடிக்கிறவன் இப்படி எழுதமாட்டான். எனக்கு அது முன்பே தெரியும் என்று நினைக்கிறேன். மதர்லெஸ் என்று எழுதினேனே, அன்றைக்கே தெரியும். தெரிந்தும் ஹேண்ட்பேக்கை வாங்கிக்கொண்டு வந்தேன். சீ!

ஆகஸ்ட் 10, புதன்

யாரிடமும் சொல்லாமல் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். எழுத்தர் தன்மையாகத்தான் பேசினார். "வயசு வந்த பிள்ளை. அதுவா பாஸ்போர்ட் எடுத்து, அதுவா விமானம் ஏறியிருக்கு. நீங்களே கையசைச்சு வழியனுப்பிருக்கீய. வாரா வாரம் போன் வேற பேசுது. நான் என்னன்னும்மா எழுத?" எந்த நாடு என்று கேட்டார். ஆறு தாண்டி என்றேன். எந்த ஆறு என்றார். எழுந்து வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 11, வியாழன்

படியேறும்போதே சார் கேட்டார். "நேத்து நல்ல வெயில்ல டவுனுக்குள்ள அலைஞ்சீங்க போல?" டீ எடுத்து நீட்டினார். குடித்தேன்.

ஆகஸ்ட் 14, ஞாயிறு

போன் வரவில்லை.

ஆகஸ்ட் 16, செவ்வாய்

"தங்கச்சியைப் பார்க்கணும் போல இருக்கா?" என்று சார் கேட்டார். கதவைச் சாத்தவில்லை, குரலை உயர்த்தவில்லை. கிரீம் பன்னைப் பிய்த்துக்கொண்டே பேசினார்.

"அவளைத் திருப்பி அனுப்பிருங்க சார். உங்க காலைப் பிடிக்கேன்."

"கம்பெனி அவங்க மேல செலவு பண்ணியிருக்கு வடிவு. ரூல்னு ஒண்ணு இருக்குல்ல? அவங்க இடத்துக்கு ஒரு ஆள் வந்தா அவங்க கிளம்பலாம். வாசிக்கத் தெரிஞ்ச, அன்பாப் பேசத் தெரிஞ்ச ஆள்." பன்னைத் தின்று முடித்துக் கையைத் துடைத்தார். "அந்தப் பொண்ணு இசக்கி நல்லாப் பேசுதே."

"அவளுக்கு இங்கிலீஷ் வராது சார்."

"கோமுவுக்கும் வரலையே. நீங்கதான் உதவி பண்ணீங்க."

அன்றைக்கு ஜன்னல் வழியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது எதற்கென்று இப்போது தெரிகிறது. படுபாவி.

ஆகஸ்ட் 20, சனி

தையல் வேலை நிறைய. ஓரம் அடித்தேன். ரேஷனில் பாமாயில் போட்டார்கள். இசக்கிக்குப் பரீட்சை நடந்தது. பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் தாளை எழுதிக் கொடுத்தேன்.

அவள் என் தங்கச்சி இல்லை. கோமுதான் என் தங்கச்சி. வேறு என்ன எழுத இருக்கிறது?

ஆகஸ்ட் 21, ஞாயிறு

இன்று போனில் கோமுவைக் கண்ணால் பார்த்தேன். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. இடது கை கீழேதான். "சென்ட் ஹர், அக்கா. இட் ஈஸ் எ வொண்டர்ஃபுல் பிளேஸ்" என்றாள். யாரை என்று பெயர் சொல்லவில்லை. மேலே பார்த்தாள். பிறகு ரொம்ப நேரம் என்னையே பார்த்தாள்.

"இசக்கியவாக்கா?" என்றாள் தமிழில், சட்டென்று.

ஆமா என்று தலையசைத்தேன். "வியாழக்கிழமை பஸ்ஸு. நீ வந்துருவட்டீ. உனக்கு ஆடிக் கழிவுல எடுத்த சுடிதாரு அப்படியே இருக்கு."

சிரித்தாள். பஸ் ஜன்னலில் பார்த்த அதே சிரிப்பு. "போறேங்கா" என்றாள். கட் பண்ணிவிட்டாள்.

மூதேவி! எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன், அந்தச் சொல்லை வாயில் எடுக்காதே என்று. வரட்டும், முதுகுத்தோலை உரிக்கிறேன். வீட்டுக்கு வருகிற நேரத்தில் பேசுகிற பேச்சா இது? அங்கே போய் நாலு இங்கிலீஷ் பேசினதும் எல்லாம் மறந்துவிட்டது கழுதைக்கு.

ஆகஸ்ட் 25, வியாழன்

இசக்கியை பஸ் ஏற்றப் போனேன். அவள் அம்மாவுக்குக் காய்ச்சல், பிள்ளையை என் கையில் பிடித்துக் கொடுத்து அனுப்பினாள். சார் எதிரே டீக்கடையில் நின்றார். கோமு போனபோது நின்ற அதே கடை.

இசக்கி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். புது வளையல் போட்டிருந்தாள். டிரைவர் வண்டியைக் கிளப்பினார். அவள் கையை வெளியே நீட்டி என் கையைப் பிடித்தாள்.

"போயிட்டு வாரேங்கா."

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். ஆயுசு முழுக்கச் சொன்ன சொல். போயிட்டு என்று வந்தது, வா என்பது வரவில்லை. இன்னொரு தடவை முயன்றேன், நாக்கு எழும்பவில்லை. இவள் வரமாட்டாள் என்று என் வாய்க்குத் தெரிந்திருக்கிறது.

அப்போதுதான் கோமு சொன்னது என் காதில் முழுசாக விழுந்தது. கோமு எதையும் மறக்கவில்லை. பியூட்டிலெஸ் என்று தப்பாகச் சொல்லுவாள், ஆனால் எங்கள் வீட்டுச் சொல்லை அவள் தப்பாகச் சொன்னதே கிடையாது. வேணுமென்றுதான் சொன்னாள். எனக்காகக் காத்திருக்காதே, அந்தப் பிள்ளையை அனுப்பாதே என்று, பக்கத்தில் காவல் நிற்கும்போது வேறு எப்படிச் சொல்லுவாள் என் தங்கம்!

பஸ்ஸில் ஏறி இசக்கியின் முடியைப் பிடித்து இழுத்துக் கீழே இறக்கினேன். பையைத் தூக்கி எறிந்தேன். அவள் கூப்பாடு போட்டாள். "உங்க தங்கச்சி மட்டும் சம்பாதிக்கணும், நான் காஜா எடுத்தே சாகணுமா? நீங்கல்லாம் ஒரு அக்காவா?" ஓங்கி ஒரு அறை விட்டேன். கூட்டம் கூடிவிட்டது. யார் என்ன என்று கேட்டார்கள். அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன்.

டீக்கடையைப் பார்த்தேன். சார் பக்கத்தில் வரவில்லை. என்னைப் பார்த்தபடியே போனை எடுத்துக் காதில் வைத்தார். அமைதியாக இரண்டு வார்த்தைதான் பேசியிருப்பார்.

ஆகஸ்ட் 27, சனி

மாடி பூட்டிக் கிடக்கிறது. காலி பண்ணிவிட்டார்கள் என்று உரக்கடைக்காரர் சொன்னார். திருத்துகிற போன் மட்டும் என் பையில் தங்கிவிட்டது. ஹாரல்டுக்கு எழுதினேன். மை நேம் ஈஸ் வடிவு. மை மதர் ஈஸ் டெட். டோன்ட் சென்ட் மணி. ஐ ஆம் சாரி. அனுப்ப ஒன்றும் மிச்சமில்லாதவரிடம் அனுப்பாதே என்கிறேன். பார்த்துவிட்டார் என்று காட்டுகிறது. பதில் இல்லை.

இசக்கியின் அம்மா தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். தன் மகள் வாழ்க்கையில் நான் மண்ணைப் போட்டுவிட்டேனாம். இசக்கி நடையில் உட்கார்ந்து காஜா எடுத்துக்கொண்டிருந்தாள், என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திருப்பட்டும். திருப்புவதற்கு முகம் இங்கே இருக்கிறதே.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கப் போகிறேன். எந்த ஆறு என்று கேட்டால் எல்லா ஆற்றையும் தேடுங்கள் என்று சொல்வேன்.

ஆகஸ்ட் 28, ஞாயிறு

விடிந்ததிலிருந்து போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். குளிக்கவில்லை. அடுப்புப் பற்றவைக்கவில்லை. பகல் போய்விட்டது, விளக்கு வைக்கிற நேரமும் வந்துவிட்டது. போன் வரவில்லை.

நீ போறேன் என்று சொன்னால் சொல்லிவிட்டுப் போ கோமு. நான் உன்னை பஸ் ஏற்றும்போது போயிட்டு வா என்று சொன்னேன். ஓடிவந்தும் சொன்னேன். பஸ் வளைவில் திரும்பின பிறகும் சத்தமாகச் சொன்னேன். டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாருக்கும் கேட்டது.